கிழமைக்கு இரண்டு வெள்ளி

அந்தக் கண்ணாடியை நான் நாலு வருசம் துடைத்திருக்கிறேன். காலமை எட்டு மணிக்கு, கதவு திறக்க முதல். சனம் வரும், மூக்கை ஒட்டிவைத்துப் பார்க்கும், போய்விடும். மூக்குப் பட்ட இடத்தை அழிப்பது என்னுடைய வேலை. மொன்றியலில் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், கல்லால் கட்டிய ஒரு சின்ன வீடு அது. இப்போது அதை மியூசியம் ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

கண்ணாடிக்குள்ளே இருப்பது உள்ளங்கையளவு ஒரு குறிப்புப் புத்தகம். அதை எழுதியவள் ஒரு கைதி. முந்நூறு வருசத்துக்கு முந்தி, தெற்கே இருந்த ஆங்கிலேயக் குடியேற்றம் ஒன்றில் பிரெஞ்சுக்காரரும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடிகளும் பிடித்து, பனிக்குள்ளால் கிழமைக்கணக்காக நடத்தி, பிரெஞ்சுக்காரரிடம் இருந்த இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அவளுடைய சனம் வீடு கட்டியிருந்த காணி ஆருடைய காணி என்று கேட்டால், அது வேறு கேள்வி. அதையும் விடாமல் கேட்கத்தான் வேணும். ஆனால் பனியில் நடந்த கால் அவளுடைய கால்தான். புரட்டஸ்தாந்தை விட்டுக் கத்தோலிக்கத்துக்கு மாறு, வீடு தருகிறோம் என்று இங்கே கேட்டிருக்கிறார்கள். அவள் மாட்டேன் என்று சொல்லி, வாய்க்குள்ளேயே தன் வேதப் புத்தகத்துச் சங்கீதங்களைப் பாடிக்கொண்டு இருந்தாள்.

புத்தகத்துக்கு மேலே ஒரு பலகை. பிரெஞ்சில் நாலு வசனம். கடைசி இரண்டும் இப்படி: "பட்ட துன்பத்தால் இவள் நாட்கணக்கைத் தவறவிட்டாள். வந்து சேர்ந்ததாக இவள் எழுதிய திகதி, கன்னியாஸ்திரிகளின் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் உள்ளதற்குப் பதினொரு நாள் முந்தியது."

எனக்கு அதைக் கண்டாலே பத்திக்கொண்டு வரும். நாலு வருசமாகத் துணியை அந்த வசனத்தின் மேல் கொஞ்சம் கூடுதலாக அழுத்தித்தான் தேய்த்தேன். பித்தளை எழுத்து, அழியுமே?

கோபத்துக்குக் காரணம் சொல்லவேணும். நானும் ஒரு காலத்தில் அடைபட்டுக் கிடந்தவள். இந்த நாட்டுக்கு வந்து அகதி அந்தஸ்து கேட்ட முதல் விசாரணையில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னுடைய விடுதலைத் துண்டைத் தூக்கிப் பார்த்தார். "ஒவ்வொரு நாளும் எண்ணினேன் என்கிறீர்கள். ஆனால் உங்கள் எண்ணிக்கைக்கும் இந்தக் கடதாசிக்கும் இரண்டு நாள் வித்தியாசம் வருகிறதே" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடிக்க முதலே எனக்கு விளங்கிவிட்டது. எண்ணிக்கை பிழை என்றால் ஆளும் பொய். வழக்கு தோற்றது. பேந்து மேல்முறையீடு போட்டு, வருசக்கணக்கில் இழுபட்டு, ஒருமாதிரி ஏற்றுக்கொண்டார்கள். என்றாலும் அந்த இரண்டு நாள் தொண்டையில் மீன்முள்ளாய்க் கிடந்தது.

போன மாசி மாதம் எங்கள் வழிகாட்டிகளில் ஒருத்தி வேலையை விட்டுப் போனாள். ஆள் தேவை என்று பொறுப்பாளர் மடாம் சாப்பாட்டு அறைக் கதவில் ஒரு கடதாசி ஒட்டினார். மடாம் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை. நல்ல மனுசி, ஆனால் ஒரு காற்புள்ளியைக்கூட விடமாட்டார். நான் கையில் வாளியோடு போய், "மடாம், நானும் கேட்கலாமா?" என்றேன். அவர் என்னையும் பார்த்தார், வாளியையும் பார்த்தார். "கேட்கலாம். மூன்று பேருக்கு முன்னால் பதினைந்து நிமிடம் வீட்டைச் சுற்றிக் காட்டவேண்டும். வாசகம் எழுதித் தருவேன். அதிலிருந்து விலகக் கூடாது" என்றார்.

எனக்கு அந்த வேலை வேணும். விசர் பிடித்த மாதிரி வேணும். அந்த வீட்டில் எல்லாரும் கதைப்பார்கள். பிள்ளைகள் கத்தும், சுற்றுலாக்காரர் கேள்வி கேட்பார்கள், மரப்படிகூடக் கிறீச்சிடும். நாலு வருசமாக வாய் திறக்காத ஒரே ஆள் நான். ஒருநாள், ஒரே ஒரு நாளாவது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளைப் பற்றி நான் சொல்லவேணும் என்று ஆசை.

வாசகம் நாலு பக்கம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் அதே வசனம். நாட்கணக்கைத் தவறவிட்டாள். பலகையில் இருப்பதையும் எழுதினது மடாம்தான் என்று அடியில் இருந்த குறிப்பில் கண்டேன்.

செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் மகள் எனக்கு வாத்தியார் ஆனாள். பதினாறு வயது. பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர் பட்டபாடு, தமிழ் தேவைக்கு மட்டும்.

"அம்மா, அந்த 'ர'வைத் தொண்டையால சொல்லுங்கோ."

"என்ர தொண்டைக்கு இவ்வளவுதான் வரும்."

"காறித் துப்புற மாதிரிச் சொல்லுங்கோ."

"அதுக்கெண்டால் நான் கெட்டிக்காரி" என்றேன். சிரித்தாள். மூன்றாம் பக்கம் வந்ததும் என் வாய் நின்றுவிட்டது. "ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்றாள். இந்த வசனம் எனக்கு வராது என்றேன். "அம்மா, லேசான வசனம்தானே அது!"

அன்றைக்குத்தான் அந்த அறையைப் பற்றி முதல்முறை அவளுக்கு ஒழுங்காகச் சொன்னேன்.

ஊரில் சண்டை முடிந்த பிறகு ஆமி எங்களை அடைத்து வைத்தது ஒரு பழைய பள்ளிக்கூட அறை. ஒன்பது பெண்கள். யன்னல்களுக்குத் தகரம் அடித்திருந்தது. சந்திரனைக் காண வழியில்லை. திகதி சொல்ல ஆளில்லை, கேட்டால் அடி. நான் என் பாவாடைக் கரையிலிருந்து நூல் உருவி நாளுக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். ஏழாவது முடிச்சு பெரிது. அதுதான் வெள்ளி. எனக்கு வெள்ளியென்றால் விரதம். எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு ஒரு தேவாரமாவது பாடாமல் பச்சைத்தண்ணீர் இறங்காது. பக்கத்துப் பாயில் மன்னாரிலிருந்து வந்த ஒரு அக்கா, கத்தோலிக்கம். செபமாலையைப் பறித்துவிட்டார்கள், விரலை எண்ணிச் செபம் சொல்லுவா. அவவுக்கும் வெள்ளிதான் விரதம், மீன்கூடத் தொடமாட்டா. ஞாயிறு அதைவிடப் பெரிது. கொஞ்சக் காலம் என் நூலும் அவவின் விரலும் ஒத்துப்போயின.

பேந்து காய்ச்சல் வந்தது. ஒன்பது பேரும் விழுந்தோம். கண் திறந்தபோது நூலைத் தேடினேன். முடிச்சுப் போடாமல் எத்தனை நாள் போனது?

"ரெண்டு நாள்" என்றேன் நான்.

"மூண்டு" என்றா அக்கா.

"உங்களுக்கென்ன தெரியும், நீங்களும் படுத்துக் கிடந்தனீங்கள்தானே!"

"நீ பிதற்றிக்கொண்டு கிடந்தாய். நான் பிதற்றேல்லை. மூண்டு."

அப்படி ஒரு சண்டை நான் புருசனோடுகூடப் பிடித்ததில்லை. அவவின் வெள்ளி எனக்கு வியாழன். என் வெள்ளி அவவுக்குச் சனி. இரண்டு நாள் நாங்கள் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. ஒரு அறைக்குள், ஒரு பானைத் தண்ணீரில் குடித்துக்கொண்டு! கடைசியில் மூலையில் கிடந்த ஒரு ஆச்சி எழும்பி, "இஞ்ச பாருங்கோடி, ரெண்டையும் பிடியுங்கோ. சாமி கோவிக்குமே? கூடத்தான் கும்பிட்டிருக்கினம் எண்டு சந்தோசப்படும்" என்றா. எல்லாரும் ஒன்றாய்ச் சிரித்தோம்.

அன்றைக்குப் பிடித்து அந்த அறையில் கிழமைக்கு இரண்டு வெள்ளி. முதல் வெள்ளியில் அக்கா செபம் சொல்ல நாங்கள் எல்லாரும் சொல்லுவோம். அடுத்தநாள் என்னுடைய வெள்ளி, தேவாரம். அக்காவின் குரல் என்னுடையதைவிட நல்லது, கோதாரி, என் தேவாரத்தையே என்னைவிட நல்லாய்ப் பாடுவா. சத்தம் வெளியே போகாமல் வாயைப் பொத்திக்கொண்டுதான். சோற்றோடு எப்போதாவது ஒரு மீன் துண்டு வரும். பெரும்பாலும் இரண்டு வெள்ளியில் ஒன்றில் வந்து விழும். மற்ற ஏழு பேரும் எங்களைத் தின்பது போலப் பார்ப்பார்கள். ஆனால் ஒருத்தியும் அந்த மீனைத் தொடவில்லை.

சாமி வந்து கதவைத் திறக்கவில்லை. அதை நான் ஒளிக்கப்போவதில்லை. ஆனால் அந்த அறையில் காத்திருக்க ஒரு நாள் இருந்தது. நாளைக்கு வெள்ளி என்று சொல்லுகிறபோது நாளைக்கு ஒன்று இருக்கிறதுதானே. அதைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் ஒன்பது பேரும் உயிரோடு வெளியே வந்தோம். ஒன்பது பேரும்! அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும்.

விட்ட அன்று ஒரு சந்தியில் இறக்கிவிட்டார்கள். தேத்தண்ணிக் கடைக்காரரிடம் அக்காதான் கேட்டா. "அண்ணை, இண்டைக்கு என்ன கிழமை?" செவ்வாய் என்றார் அவர். அக்காவின் கணக்கில் அன்றைக்குத் திங்கள். என் கணக்கில் ஞாயிறு. இரண்டு பேரும் பிழை! காய்ச்சல் நாலு நாள் அடித்திருக்கிறது. இவ்வளவு காலமும் உண்மையான வெள்ளியில் மீன் வந்திருந்தால் வழித்துத் தின்றிருப்போம். ரோட்டில் நின்று, வயிறு நோகச் சிரித்தோம். கடைக்காரர் எங்களுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

மகள் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த வாசகத்தை எடுத்துத் திரும்பவும் படித்தாள். "அப்ப இவவும் காய்ச்சல்ல தவறவிட்டிருப்பா, என்னம்மா?"

"நான் தவறவிட்டது ரெண்டு நாள். பதினொண்டு எண்டால் கண்டறியாத கணக்காயெல்லே கிடக்கு" என்றேன்.

எழும்பிப் போய்த் தையல் பெட்டியில் நூல் எடுத்தேன். கைக்குப் பழகின வேலை. பதினொரு முடிச்சு. ஏழாவது பெரிது. அதற்குப் பிறகு நாலு மிஞ்சியது. அந்த நாலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் எண்ணிக்கை இரண்டு நாள் பிழைத்தபோது என் வெள்ளியும் இரண்டு நாள் நகர்ந்துபோனது. நாள் தவறினால் கிழமையும் சேர்ந்து தவறும். அப்படியென்றால் இவளுடைய ஞாயிறும் நாலு நாள் நகர்ந்திருக்கவேணும்.

"பிள்ளை, அவள் வந்து சேர்ந்த நாள் என்ன கிழமை எண்டு எழுதியிருக்கிறாள்?"

மகள் தாளைப் புரட்டினாள். "ஓய்வுநாள் எண்டு. அவையளுக்கு அது ஞாயிறுதானே. ஊர் முழுக்க மணி அடிச்சதாம்."

"ஆஸ்பத்திரிப் பதிவேட்டில?"

கொஞ்சம் தேடினாள். "டிமான்ஷ். ஞாயிறு!" நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டும் ஒரே கிழமை அம்மா. அதெப்பிடி?"

மகளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. கோயிலுக்குப் போகிற எந்த யாழ்ப்பாணத்துச் சனத்துக்கும் விளங்கும். இந்த ஊரிலேயே ஒரு கோயிலில் வாக்கிய பஞ்சாங்கம், இன்னொன்றில் திருக்கணிதம். ஒரே விரதம் இங்கே இன்றைக்கு வரும், அங்கே நாளைக்கு. எது சரி என்று சனம் வருசா வருசம் சண்டை பிடிக்கும். இரண்டு பகுதியும் எண்ணத் தெரியாத ஆட்கள் இல்லை. கையில் இருக்கிற பஞ்சாங்கம் வேறு, அவ்வளவுதான்.

"பிள்ளை, வெள்ளைக்காரரிட்டையும் ரெண்டு பஞ்சாங்கம் இருந்திருக்கும். ஃபோனில பார்."

பார்த்தாள். அவளுடைய வாய் மெல்லத் திறந்தது. "ஓமம்மா! அந்த நேரம் இங்கிலீஷ்காரர் பழைய கலண்டர், பிரெஞ்சுக்காரர் புதுசு. வித்தியாசம் பதினொரு நாள். கிழமை மட்டும் ஒண்டுதான்."

நான் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டேன். காடு, பனி, பசி, காலில் வெடிப்பு. கிழமைக்கணக்காக நடந்திருக்கிறாள். ஒரு நாள்கூட விடவில்லை! தன்னுடைய ஓய்வுநாளைக் கையில் ஏந்திய விளக்குப்போல அணையாமல் கொண்டுவந்து இந்த ஊரில் வைத்திருக்கிறாள். அவளைப் போய் எண்ணத் தெரியாதவள் என்று பித்தளையில் அடித்துத் தொங்கவிட்டிருக்கிறோம். அதை நான் நாலு வருசமாய் மினுக்கியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில் வந்த அழுகைதான்.

"மடாமுக்குப் பிறகு சொல்லுங்கோ அம்மா. முதல்ல வேலையை எடுங்கோ" என்றாள் மகள். புத்தியான பேச்சு. வாசகத்திலிருந்து விலகக் கூடாது என்பதும் நினைவிருந்தது. அந்த ஒரு வசனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டால் வேலை கைக்கு வரும். பஸ்ஸிலும் மெட்ரோவிலும் ஒரு கிழமை அதைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். வாய் சொல்லியது. என்றாலும் ஒரு நூலை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பரீட்சை நாள் வந்தது. மடாமோடு நிர்வாகத்தில் இரண்டு பேர்: காதில் கருவி போட்ட ஒரு கிழவர், குறிப்பேட்டோடு ஒரு இளம் பெண். அடுப்படி, பதுங்கு நிலவறை, மாடிப்படி எல்லாம் காட்டினேன். என் 'ர' நல்லாய்த்தான் உருண்டது. மடாம் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கு முன்னால் வந்தோம்.

"இவள்..." என்று தொடங்கினேன். "பட்ட துன்பத்தால் இவள்..."

நின்றுவிட்டேன். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, மடாம் மெதுவாக வாயசைத்து அடுத்த சொல்லை எடுத்துத் தந்தார். விசாரணை மேசைக்கு முன்னால் இருந்த நானே என் கண்ணுக்குள் வந்தேன். அன்றைக்கு எனக்காக ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. போனால் போகட்டும், வாளி எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியும்.

"இல்லை மடாம். இவள் தவறவிடேல்லை" என்றேன்.

கைப்பையிலிருந்து நூலை எடுத்தேன். என் பிரெஞ்சு அந்த இடத்தில் நொண்டத் தொடங்கியது. இலக்கணம் எல்லாம் காற்றில் போனது. ஆனால் கை நொண்டவில்லை. அவர்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாய் முடிச்சுப் போட்டேன். கிழவர் எனக்குத் துணையாகச் சத்தமாய் எண்ணினார். ஏழு. பிறகு நாலு. "பதினொரு நாளைத் தவறவிட்டிருந்தால், அந்த ஞாயிறு இவளுடைய கணக்கில் புதன். புதன் என்றா எழுதியிருக்கிறாள்? ஓய்வுநாள் என்று எழுதியிருக்கிறாள். இரண்டு கலண்டர், மடாம். இவளிடம் ஒன்று, உங்கள் ஆட்களிடம் ஒன்று. நான் சிறையில் இருந்தபோது எண்ணியிருக்கிறேன். நான் தவறவிட்டேன், எனக்குக் காய்ச்சல். தவறவிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை."

மடாமின் முகம் சிவந்துபோனது. "அதை எழுதியது நான்" என்றார். தெரியும் என்றேன். கிழவர் கையை நீட்டி அந்த நூலைக் கேட்டார். திருப்பித் திருப்பி எண்ணிப் பார்த்தார். மடாம், "சரிபார்க்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். நான் மெர்சி சொல்லிவிட்டு, போய் மேலங்கியைக் கழற்றி, வாளியை எடுத்து நிலவறையைத் துடைத்தேன்.

பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை. வேலை போச்சு என்று மகளுக்குச் சொல்லிவிட்டேன். சொன்னதில் எனக்குக் கவலையே இருக்கவில்லை. அதுதான் எனக்கே புதினம்.

பதினோராவது நாள் காலமை, நான் கண்ணாடியடிக்குப் போனபோது சுவரில் நாலு ஆணித் துளைதான் இருந்தது. பலகை இல்லை. மடாம் பின்னால் வந்து நின்றார். "முப்பது வருடம் பிள்ளைகளின் பிழையைத் திருத்தினேன். என்னுடையதைத் திருத்த நீங்கள் வரவேண்டியிருந்தது" என்றார். பிறகு ஆசிரியைக் குரலில், "வேலை உங்களுக்குத்தான். ஆனால் உங்கள் இறந்தகால வினைகள் பயங்கரம், அதற்கு வகுப்புக்குப் போங்கள்" என்றார். நான் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். கையில் ஈரத்துணி இருந்ததை நினைக்கவில்லை. அவருடைய முதுகில் ஐந்து விரலும் பதிந்துபோனது.

என்னுடைய முதல் நாள் ஒரு ஞாயிறு. மன்னார் அக்கா இப்போது பக்கத்து ஊரான லவாலில் மகன் வீட்டில்தான் இருக்கிறா. பூசை முடிந்த கையோடு மெட்ரோ பிடித்து வந்து, குழுவுக்கு முன்னால் நின்றா. சீலைக்கு மேல் குளிர் உடுப்பு, அதற்கு மேல் தொப்பி. நான் பேசியது பிரெஞ்சு, அவவுக்கு அரைவாசியும் விளங்கியிராது. என்றாலும் மற்றவர்கள் தலையாட்டிய இடமெல்லாம் தானும் ஆட்டினா.

கண்ணாடிக்கு மேலே புதுப் பலகை. காணியைப் பற்றியும் இப்போது அதில் ஒரு வசனம் இருக்கிறது. கடைசி வசனத்தை நான் குழுவுக்கு வாசித்தேன். பிறகு அக்காவுக்காகத் தமிழில் சொன்னேன். "இவள் ஒரு நாளையும் தவறவிடவில்லை."

அக்கா மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து அந்தப் புத்தகத்தைக் கனநேரம் பார்த்தா. "எங்களைவிடக் கெட்டிக்காரி" என்றா.

"அக்கா, எனக்கு இன்னொரு கணக்கும் பிடிபட்டுது" என்றேன். "விட்ட அண்டைக்குச் செவ்வாய். என்ர கணக்கில ஞாயிறு. அப்ப நான் வெள்ளி வெள்ளி எண்டு பிடிச்ச நாள் உண்மையில என்ன நாள், சொல்லுங்கோ?"

அக்கா விரலை மடக்கினா. அந்த அறையில் செபம் எண்ணிய அதே விரல்கள். ஒருமுறை எண்ணினா, நம்பாமல் திரும்பவும் எண்ணினா. கண் நிறைந்துவிட்டது.

"ஞாயிறெல்லே!" என்றா. "என்ர ஞாயிறையோடி நீ பிடிச்சுக்கொண்டு இருந்தனி? ஒரு கிழமையும் விடாமல்?"

"ஓம் அக்கா. தேவாரத்தோட."

அவ சிரித்த சிரிப்பில் குழு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. அந்தச் சந்தியில் நின்று சிரித்த மாதிரியே, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கண்ணாடியில் அக்காவின் மூக்கு அடையாளம் பளிச்சென்று தெரிந்தது. பழக்கத்தில் என் கை துணியைத் தேடியது. பிறகு கையை எடுத்துக்கொண்டேன். அன்று முழுக்க அதை அப்படியே விட்டேன்.